ஊட்டி கிளப்பும் வீடியோ கேம் கடையும்

ஊட்டின்னதும் வர்க்கியும் தைலமும் மட்டும் ஞாபகம் வர்ற மக்களுக்கு ஒரு தகவல். இன்னிக்கு உலகம் முழுக்க ஆடுற ஸ்னூக்கருக்கு முதன்முதலா ரூல்ஸ் எழுதி சுவத்துல மாட்டினது நம்ம ஊட்டி கிளப்புல தான். வருஷம் 1882.

கதை ஆரம்பிக்கிறது 1875ல, ஜபல்பூர்ல. நெவில் சேம்பர்லேன்னு 19 வயசு ராணுவ அதிகாரி (ஹிட்லரோட ஒப்பந்தம் போட்ட பிரதமர் வேற ஆளுங்க). மழைக்காலம், பொழுது போகலை. மெஸ்ஸுல ஏற்கனவே ஆடிட்டிருந்த பில்லியர்ட்ஸ் ஆட்டத்தோட கலர் பந்துகளைச் சேர்த்து புதுசா ஒண்ணை உருவாக்கினார். 'ஸ்னூக்கர்'னா அப்போ ராணுவக் கல்லூரியில முதல் வருஷப் பையனுக்குப் பட்டப்பேரு. நம்ம காலேஜ்ல ஜூனியரைக் கூப்பிடுற மாதிரி. சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருத்தரை இவர் அப்படிக் கிண்டலடிக்க, பேரு ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் அவரே அறுபது வருஷம் கழிச்சு, 1938ல சொன்னது. கொஞ்சம் உப்பு சேர்த்துத் தான் படிக்கணும்.

1881ல ஜெனரல் ராபர்ட்ஸ் மெட்ராஸ் ராணுவத் தளபதியா வந்தப்போ சேம்பர்லேனும் கூடவே வந்தார். வெயில் வந்தா மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை கட்டி ஊட்டிக்கு ஏறிடும். கிளப்புல ஆட்டம் சூடு பிடிச்சுது, ரூல்ஸும் பிறந்துது. இத்தனைக்கும் மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899ல, ஊட்டிக்கு 1908ல. அதுக்கு முன்னாடி அத்தனை கனமான மேஜையை மலையேத்தினவங்க பேரு எந்த போர்டுலயும் கிடையாது.

இப்போ மேட்டருக்கு வர்றேன். பில்லியர்ட்ஸ் மேஜைக்கு இன்னொரு வாரிசும் உண்டு. மேஜையைச் சின்னதாக்கி ஆணி அடிச்சா அது பகடெல். அதுல ஸ்பிரிங் வெச்சுப் பந்தைத் தள்ற மாதிரி செஞ்சு 1871ல அமெரிக்காவுல பேடன்ட் வாங்கினவர் மாண்டேக் ரெட்கிரேவ். 1930கள்ல அதுல காசு போடுற ஓட்டை வந்து பின்பால் ஆச்சு. பின்பால் மெஷின் செஞ்ச பேலி கம்பெனி தான் 1974ல 'அலாடின்ஸ் காசில்'ங்கிற ஆர்கேட் செயினை வாங்கிச்சு. 1972ல வந்த 'பாங்'குக்கு அப்புறம் அந்த மாதிரி இடங்கள்ல டிவி பெட்டி நுழைஞ்சது உங்களுக்கே தெரியும். ஆக ஸ்னூக்கர், வீடியோ கேமுக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா.

ஆனா மரியாதை ஒண்ணா கிடைக்கலை. 'பூல்'ங்கிற வார்த்தையே ஆளாளுக்குப் போட்ட பந்தயப் பணத்துல இருந்து வந்தது. ஆபீசருங்க காசு வெச்சு ஆடினா கனவான் விளையாட்டு. பொடிப்பசங்க சில்லறை போட்டா சூதாட்டம்! நியூயார்க் மேயர் லாகார்டியா பின்பால் மெஷினை சம்மட்டியால உடைச்சு போட்டோவுக்கு போஸ் குடுத்தார். 1942ல விழுந்த தடை 1976ல தான் போச்சு. நம்ம ஊர்ல தடையெல்லாம் தேவைப்படலை, வீடியோ கேம் கடை வாசல்ல அப்பா வந்து நின்னாப் போதும். ஸ்னூக்கர் பார்லருக்கும் அதே கெட்ட பேரு தான்.

ஊட்டி கிளப் இன்னிக்கும் பிரைவேட் கிளப். மெம்பர் யாராவது கூட்டிட்டுப் போனா தான் அந்த ரூமைப் பார்க்கலாம். ஆட்டம் மட்டும் எப்பவோ வெளிய வந்துடுச்சு. 1984ல ஓம் அகர்வால் டப்ளின்ல உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சார். 2025 நவம்பர்ல தோஹாவுல பெண்கள் உலகப் பட்டம் வாங்கினது அனுபமா ராமச்சந்திரன், நம்ம சென்னைப் பொண்ணு.