தாராவி மறுசீரமைப்பு: வாழிட உரிமையைத் தீர்மானிக்கும் தேதியும் தளமும்

மும்பையின் தாராவி பற்றிய விவாதம் ஊடகங்களில் பெரும்பாலும் 'குடிசையா, கோபுரமா' என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. தாராவி மக்களின் விவாதம் அதுவன்று. நல்ல வீடு வேண்டாம் என்று போராடுபவர்கள் சொல்லவில்லை. தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வீடு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அடுக்குமாடி எழுந்த பிறகு அதில் யார் இருப்பார்கள், யார் நகரத்தின் விளிம்புக்கு அனுப்பப்படுவார்கள் என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி. சட்டத்தின் மொழியில் இதற்கான விடை இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது: ஒன்று தேதி, மற்றொன்று தளம்.

விளிம்பு நடுவான கதை

மித்தி ஆற்றையொட்டிய சதுப்பு நிலத்தில், அன்றைய பம்பாயின் வடக்கு எல்லையில் உருவான குடியிருப்பு தாராவி. நகரம் தன்னருகே வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் அங்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது தோல் பதனிடுதல். அத்தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற ஆதிதிராவிடர்களும் இஸ்லாமியரும் அங்கே வேரூன்றினர். மராட்டிய தலித்துகள், சௌராஷ்டிரத்தின் குயவர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரும் சேர்ந்து அச்சதுப்பை மண்ணிட்டு மேடாக்கினர். ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பை வாழத்தக்க நிலமாக்கியதில் பெரும்பங்கு அவர்களின் உழைப்பே.

நகரம் வடக்கே வளர்ந்தபோது விளிம்பு நடுவாயிற்று. இன்று தாராவியின் இருபுறமும் மேற்கு, மத்திய ரயில் பாதைகள் செல்கின்றன. ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் நிற்கிறது. நிலத்தடி மெட்ரோவின் 3ஆம் தடத்தில் தாராவி நிலையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. மும்பை-அகமதாபாத் அதிவேக ரயிலின் முனையமும் அவ்வணிக வளாகத்தின் அடியில் அமைகிறது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் நின்ற இடம், நாட்டின் விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாகிவிட்டது. அம்மதிப்பை உயர்த்தியதில் பொதுப்பணத்தில் அமையும் ரயில் நிலையங்களுக்கும் பங்குண்டு. எனவே அதன் பலன் யாருக்கு என்று கேட்பது நியாயமான கேள்வியே.

திட்டமும் அதன் படிநிலையும்

தாராவியை ஒட்டுமொத்தமாக மறுசீரமைக்கும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2004இல் ஏற்றது. பல ஒப்பந்தப்புள்ளிகள் தோல்வியடைந்த பின், 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கோரி ஏலத்தை வென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு. முந்தைய ஏலத்தில் முதலிடம் பெற்ற நிறுவனம் தொடுத்த வழக்கை பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கின் மையம் ஏல நடைமுறை, குடியிருப்போரின் உரிமையன்று.

குடியிருப்போரைத் திட்டம் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது.

முதலாவது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர். இவர்களுக்கு தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம்.

இரண்டாவது: அத்தேதிக்கும் 2011 ஜனவரி 1க்கும் இடையே வந்த தரைத்தளத்தினர். இவர்களுக்கு 300 சதுர அடி வீடு. விலை இரண்டரை லட்சம் ரூபாய். இடம் தாராவிக்கு வெளியே.

மூன்றாவது: 2011க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தோர், மேல்தளங்களில் வாழ்வோர். இவர்களுக்கு வாடகை வீடு, தவணையில் வாங்கும் வாய்ப்புடன், இதுவும் வெளியே.

மேல்தளத்தில் வாழ்வோர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையின் மேல் இரும்பு ஏணி வைத்து எழுப்பிய மாடியில் வாழ்பவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர், அல்லது தனிக்குடித்தனம் சென்ற மகன். முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அவருக்குத் தேதி உதவுவதில்லை. தளம் அவரைத் தள்ளிவிடுகிறது. ஆவணங்கள் அவரைத் 'தகுதியற்றவர்' என்கின்றன. இடஒதுக்கீட்டு விவாதங்களில் இச்சொல்லை நாம் நன்கறிவோம். இங்கும் அது அளப்பது ஒருவரின் தேவையையன்று, அவரிடமுள்ள காகிதத்தை.

தேதியின் வரலாறு

வரம்பு நாள் புதிதன்று. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. அதே தீர்ப்பு, உரிய நடைமுறையைப் பின்பற்றி நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பின் அடையாள அட்டை வைத்திருந்தோருக்கே மாற்றிடம் வழங்கப் பணித்தது. பின்னர் மகாராட்டிரத்தில் அந்த நாள் 1995 ஆயிற்று, 2000 ஆயிற்று, 2011 ஆயிற்று. ஒவ்வொரு நீட்டிப்பும் போராட்டமும் தேர்தலும் சேர்ந்து பெற்றுத் தந்தவை. எனவே இத்தேதி இயற்கை விதியன்று, அரசியல் முடிவு, மாற்றக்கூடியது.

தொலைவும் உரிமையே

1995இல் சமேலி சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாம் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். தலித் மக்களுக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்ததை நிலவுடைமையாளர்கள் எதிர்த்த வழக்கு அது. அவர்களின் எதிர்ப்பை நிராகரித்த நீதிமன்றம், உறைவிட உரிமை என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று என்றது. வெளிச்சம், தூய காற்று, நீர், சுகாதாரம் ஆகியவற்றோடு, அன்றாடத் தொழிலுக்கு எளிதில் செல்லும் வழியும் அதில் அடங்கும் என விளக்கியது.

இந்த அளவுகோலைத் தாராவியில் பொருத்திப் பார்ப்போம். வெளியே அனுப்பப்படுவோருக்கென அரசு ஒதுக்கிய நிலங்களில் முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் உப்பளங்களும் தேவனார் குப்பை மேட்டின் ஒரு பகுதியும் அடங்கும். 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கும் இடம் தேவனார். பாந்த்ராவின் இறைச்சிக் கூடம் 1971இல் அங்கேதான் மாற்றப்பட்டது. அதைத் தொடர்ந்து தாராவியின் பதனிடும் கூடங்களும் மங்கின. அன்று தொழில் சென்ற திசையிலேயே இன்று மனிதர்களும் அனுப்பப்படுகிறார்கள். நிலையத்தருகே வாழ்ந்து நடந்தே வேலைக்குச் செல்லும் வீட்டுப் பணியாளரும் துப்புரவுத் தொழிலாளரும் குப்பை மேட்டருகே 300 சதுர அடி பெறுவதை மறுவாழ்வு என்று ஏற்க இயலுமா?

மக்களிடையே உள்ள பிளவு

தாராவி ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தரைத்தளத்து உரிமையாளர்களில் பலர் திட்டத்தை வரவேற்கின்றனர். பொதுக் கழிப்பறை வரிசையில் ஆயுளைக் கழித்த பெண்ணுக்கு வீட்டுக்குள் கழிப்பறை என்பது சிறிய செய்தியன்று. குயவருக்கோ சூளையும் முற்றமும் இல்லாத இருபதாவது மாடி வீடு தொழிலின் முடிவு. தோல்பை தைப்பவருக்கு வீடே பட்டறை. வாடகைதாரருக்கு வீடே கேள்விக்குறி. இப்பிளவை மக்களின் ஒற்றுமைக் குறைவு என்று பழிப்பது எளிது. ஆனால் ஒரே சுவரின் கீழும் மேலும் வாழ்வோரை எதிரெதிரே நிறுத்தியது திட்டத்தின் அடுக்குமுறையே.

வழக்கமான குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் பெரும்பான்மைக் குடியிருப்போரின் ஒப்புதல் கட்டாயம். தாராவி சிறப்புத் திட்டம் என்பதால் அந்த ஒப்புதல் தேவையில்லை. 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியபோது பலர் ஒத்துழைக்க மறுத்ததை இப்பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். வாக்களிக்க வழியில்லாதவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே வாக்கு, கதவைத் திறக்காமல் இருப்பதே.

நாம் கோர வேண்டியவை

களத்தில் பணியாற்றும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைப்பவை நான்கு. ஒன்று, தகுதிப் பட்டியலைச் சாதி, பாலினம், தளம், வாடகை நிலை வாரியாக வெளியிடக் கோருங்கள். யார் வெளியேற்றப்படுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு, கணக்கெடுப்பைப் புறக்கணிப்பதா என்பது மக்களின் முடிவு. எம்முடிவாயினும் மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இன்றே திரட்டி வையுங்கள். மேல்முறையீட்டில் நிற்பது காகிதமே. மூன்று, மேல்தளத்தினரும் வாடகைதாரரும் தாராவிக்குள்ளேயே, தேவையானால் வாடகை வீடுகளில், இடம்பெறச் செய்யுங்கள். நான்கு, தொழிலிடத்தை வீட்டின் இணைப்பாகவன்றித் தனி உரிமையாக ஏற்கச் செய்யுங்கள்.

சேரியை ஊருக்கு வெளியே வைத்தது சாதி. சேரி நின்ற இடம் ஊரின் நடுவாகிவிட்ட பிறகு, அதே மக்களை மீண்டும் வெளியே வைக்க இன்று ஒரு தேதியும் ஓர் ஏணியும் போதுமானதாக இருக்கின்றன. அடுக்குமாடியை எதிர்ப்பது நமது நோக்கமன்று. அதன் முதல் தளத்திலிருந்து கடைசித் தளம் வரை அந்நிலத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.