டோபமைனும் வளரும் மூளையின் மரபணுக்களும்

டோபமைன் மூளையிலுள்ள நரம்புக்கடத்திகளுள் ஒன்று. நோரட்ரினலின் உருவாகும் வழியில் தோன்றும் இடைப்பொருளாகவே முன்னர் கருதப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அதன் தனிப் பங்கை நிறுவினார். செல்லுக்குள் அதன் செய்தி செல்லும் பாதையை அமெரிக்காவின் பால் கிரீன்கார்ட் விளக்கினார். இருவரும் எரிக் காண்டலுடன் 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

டோபமைன் மரபணுவை நேரடியாகத் தொடுவதில்லை. அது டி1 ஏற்பியில் இணைந்ததும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி பெருகுகிறது. அதனால் தூண்டப்படும் நொதி, உட்கருவிலுள்ள கிரெப் புரதத்தின் வழியாக சி-பாஸ் போன்ற மரபணுக்களை இயக்குகிறது. டோபமைன் ஏற்பிகள் பிறப்புக்கு முன்பே மூளையில் தோன்றிவிடுகின்றன.

1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டோபமைன் சுரக்காத சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றின் நரம்பிணைப்புகள் பெரும்பாலும் இயல்பாகவே அமைந்தன. ஆயினும் அவை போதிய உணவு உண்ணாமல் சில வாரங்களில் இறந்தன. எல்-டோபா கொடுத்தபோது உண்ணத் தொடங்கின. மூளையின் அடிப்படை அமைப்பு டோபமைன் இன்றியும் உருவாகும், அது முறையாக இயங்க டோபமைன் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.