தேநீர்க் கோப்பையில் பெய்த மழை

1958 ஜூன் 18. இங்கிலாந்தின் சஃபோக் கடலோரத்தில் ஆர்ஃபர்ட் தேவாலயம். உள்ளே 'டிங்... டிங்' என்று மழையின் முதல் துளிகள் விழத் தொடங்கின. துளி விழுந்தது வானத்திலிருந்து அல்ல. கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட பீங்கான் கோப்பைகளிலிருந்து! பிள்ளைகள் மரக்கரண்டியால் அவற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'நோவாவின் வெள்ளம்' இசைநாடகம் அன்றுதான் முதன்முதலில் அரங்கேறியது. கோப்பை யோசனையைத் தந்தவர் அவருடைய இசை உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட். போர்க்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தாளவாத்தியம் சொல்லிக்கொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. மழைக்கு என்ன செய்வது என்று பிரிட்டன் திகைத்தபோது, தன் சமையலறைக்கே அழைத்துப்போய்த் தட்டிக்காட்டினார்.

கதை, இடைக்காலத்துச் செஸ்டர் நகரத்துத் தெய்வ நாடகம்; அக்காலத்தில் தொழிற்குழுக்களைச் சேர்ந்த கைவினைஞர்களே நடித்தது. பிரிட்டனும் அந்த வழியையே பிடித்தார். நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல் ஆகிய பாத்திரங்களுக்கும் முக்கிய வாத்தியங்களுக்கும் மட்டுமே தொழில்முறைக் கலைஞர்கள். மற்றபடி ஊதுகொம்பு, ரெக்கார்டர், கைமணி எல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கையில். வெள்ளத்துக்குத் தப்ப ஜோடி ஜோடியாக நோவாவின் பேழைக்குள் போன விலங்குகளும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே.

வாசிக்கத் தெரிந்த அளவுக்கு ஏற்பத்தான் இசையும். மூன்றாம் வயலின்காரர்களுக்குப் பல இடங்களில் விரல் வைக்கவே வேண்டாம். வெறுந்தந்தியை இழுத்தால் போதும்.

வந்தவர்களும் சும்மா உட்காரவில்லை. மூன்று பாடல்களைச் சபை முழுவதும் எழுந்து பாடியது. 2012-ல் வெளிவந்த வெஸ் ஆண்டர்சனின் 'மூன்ரைஸ் கிங்டம்' படத்திலும் ஒரு தேவாலயத்தில் பிள்ளைகள் இந்த இசைநாடகத்தையே நடிக்கிறார்கள்.