செஞ்சிக் காடையும் ஜப்பான் காடையும்



கூடப் படிக்கிற ஒருவன் போன வாரம் ஆறு காடைக்குஞ்சுகளை வாங்கி வந்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, "டேய், இதை வளர்த்தா ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்களா?" என்று கேட்டான். பிடிக்க மாட்டார்கள். ஆனால் இதே கேள்வியை 2011-இல் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. காரணம் சொல்ல ஆரம்பித்தால் செஞ்சிக்குப் போக வேண்டும், ஜப்பானுக்குப் போக வேண்டும், நடுவில் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. காடை நமக்குப் புதுசே இல்லை. சங்க இலக்கியத்தில் இதற்குப் பெயர் குறும்பூழ். கலித்தொகையில் மருதத்திணைப் பாட்டு ஒன்றில், வீட்டுக்கு லேட்டாக வருகிற தலைவன் "குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போயிருந்தேன்" என்று சமாளிப்பான். தலைவி விடுவாளா? அவன் யார் வீட்டில் இருந்துவிட்டு வந்தான் என்பதை அதே காடைச் சண்டையை வைத்தே குத்திக் காட்டுவாள். அந்தச் சாக்கு எடுபட வேண்டுமென்றால், ஊரில் காடைச் சண்டை சாதாரணமாக நடந்திருக்க வேண்டும் இல்லையா? வடக்கே காமசூத்திரத்திலும் கலைகள் அறுபத்து நான்கில் கிடா, சேவலோடு காடைச் சண்டையும் வருகிறது. ஆக, சாப்பிட மட்டும் இல்லை, வீட்டில் வைத்துப் பழக்கவும் நம் ஆட்கள் காடை பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் காடை காட்டுக் காடை. நம் பக்கத்தில் முக்கியமாகக் கருங்காடை. ஆணின் மார்பில் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு இருக்கும். மழை பெய்து புல் வளர்ந்ததும் இதன் குரல் கேட்க ஆரம்பிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு மழைக்காடை என்றே பெயர். இதன் அறிவியல் பெயரைப் பாருங்கள்: கொட்டூர்னிக்ஸ் கோரமண்டலிக்கா. கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கடற்கரைதான். கடலூர், பரங்கிப்பேட்டை எல்லாம் அதில் அடக்கம்.

இந்தப் பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1770களில் பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு, பார்த்த செடி, பறவை, கோயில், தேர், தொழில் என்று எதையும் விடாமல் எழுதினார், வரைந்தார். அவருடைய கிழக்கிந்தியப் பயண நூல் 1782-இல் பாரிஸில் வெளியானது. அதில் இந்தப் பறவையை "செஞ்சியின் சின்னக் காடை" என்று குறிப்பிட்டார். 1789-இல் ஜெர்மானியரான குமெலின் அதற்கு லத்தீன் பெயர் வைத்தபோது செஞ்சி போய் கோரமண்டல் வந்து உட்கார்ந்துவிட்டது. செஞ்சி முழுதாக விட்டுப் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. மஞ்சள்முகப் பாறுக் கழுகின் இந்திய வகைக்கு இன்றும் ஜிஞ்ஜினியானஸ் என்று பெயர், அதுவும் சொன்னெரா சொன்ன செஞ்சிதான். (இன்னொரு பக்கக் கதை: அந்தப் புத்தகம் வந்த 1782-இல்தான் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி ஆங்கிலேயரிடமிருந்து கடலூரைப் பிடித்தது. பாரிஸில் நம் ஊர்ப் பறவைகளின் படம், நம் ஊரில் பாரிஸின் பீரங்கி!)

இப்போது ஜப்பான். நண்பன் வாங்கிய குஞ்சு கோரமண்டலிக்கா இல்லை, கொட்டூர்னிக்ஸ் ஜப்பானிக்கா. ஜப்பானியர்கள் இதை முதலில் பிரியாணிக்கு வளர்க்கவில்லை, குரலுக்கு வளர்த்தார்கள். நம் ஊரில் சண்டைக்குப் பழக்கினோம், அங்கே கூவும் போட்டிக்குப் பழக்கினார்கள். 1910 வாக்கில் முட்டைக்கும் கறிக்குமான பண்ணைத் தொழிலாக மாறி, டோக்கியோ, நகோயா, டொயொஹாஷி பக்கம் எல்லாம் பரவியது. பிறகு இரண்டாம் உலகப் போர். மனிதனுக்கே சாப்பாடு இல்லாதபோது காடைக்கு யார் தீனி போடுவது? தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பாட்டுக் காடை வம்சம் அடியோடு அழிந்தது. மிஞ்சிய கொஞ்சம் முட்டைக் காடைகளை வைத்துத்தான் 1945-க்குப் பிறகு தொழிலைத் திரும்பக் கட்டினார்கள்.

அங்கிருந்து அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போனது. சின்ன உடம்பு, கொஞ்சம் தீனி, ஆறேழு வாரத்தில் முட்டை. மரபியல்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கலிஃபோர்னியாவிலிருந்து 1974-இல் உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகருக்கு வந்தது. அங்கே கோழி ஆராய்ச்சிப் பிரிவாக இருந்ததுதான் 1979-இல் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையமானது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனத்திலும் நாமக்கல்லிலும் தனி ரகங்களையே உருவாக்கியது. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவை இவைதான். (சோவியத்காரர்கள் 1990-இல் மிர் விண்வெளி நிலையத்தில் காடை முட்டையைப் பொரிக்க வைத்தே பார்த்துவிட்டார்கள். குஞ்சு வந்தது!)

சரி, ஃபாரஸ்ட்காரர் விஷயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் "காடைகள்" என்று பொதுவாகப் போட்டிருந்தது. கருங்காடையா, ஜப்பான் காடையா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. 2011 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், ஜப்பான் காடைப் பண்ணைக்குப் புது உரிமம் கொடுக்காதீர்கள், இருக்கிற பண்ணையையும் பெரிதாக்க விடாதீர்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அரசே இறக்குமதி செய்து, அரசே ரகம் உருவாக்கி, அரசே பயிற்சியும் கொடுத்து வளர்க்கச் சொன்ன பறவை! கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர்கள் முழித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2013 கடைசியில்தான் அந்தத் தடை நீங்கியது.

ஆனால் ஒரு பக்கமாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. உரித்துத் தொங்கவிட்ட காடையில் எது பண்ணை, எது வயல் என்று யார் பார்த்துச் சொல்வது? கண்ணி வைத்துப் பிடித்த கருங்காடையைப் பண்ணைக் காடை என்று சொல்லி விற்க வழி இருக்கத்தான் செய்தது. "ஆயிரம் கோழி அரைக் காடை" என்கிற பழமொழி வேறு அதற்கு விளம்பரம். அதிகாரிகளின் பயம் நியாயமானது, வைத்தியம்தான் தப்பு. வயலில் கண்ணி வைப்பவரை விட்டுவிட்டுக் கூண்டு வைத்திருப்பவரைப் பிடித்தார்கள்.

குஞ்சு வாங்கியவர்களுக்கும் இந்த வரலாறு உபயோகப்படும். காடை எவ்வளவு தலைமுறை கூண்டில் இருந்தாலும் பயந்தால் நேர் மேலே எகிறும். புல்லுக்குள்ளிருந்து சட்டென்று கிளம்பித் தப்பித்த காலத்துப் புத்தி அது. அதனால் கூண்டின் உயரம் ஓர் அடிக்குள் இருக்கட்டும். இரண்டடி வைத்தால் வேகம் எடுத்து மண்டையை உடைத்துக்கொள்ளும். வளர்ந்தவற்றுக்கு ஒரு தட்டில் மணல் வையுங்கள், புரண்டு குளிப்பதைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு பக்கம், முட்டை முட்டை என்று தேர்ந்தெடுத்ததில் அடைகாக்கும் புத்தி கிட்டத்தட்டப் போயே விட்டது. முட்டையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர், 17, 18 நாள்.

குஞ்சு பொரித்தவுடன் எடை ஏழெட்டு கிராம்தான். முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குண்டு பல்பு போதும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் இல்லையா? பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர், மூலைக்கு ஓடினால் சூடு. வழவழப்பான பேப்பர் விரித்தால் கால் வழுக்கி விரிந்தே போய்விடும். சாக்கோ சொரசொரப்பான துணியோ போடுங்கள், பிறகு உமி. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வையுங்கள். அரை இஞ்சுத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகிற ஜாதி இது. தீனியில் முதல் மூன்று வாரம் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெறும் கம்பு, அரிசிக் குருணை போட்டால் வளராது. பெரிதானதும் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டை. இரண்டு ஆணை ஒன்றாகப் போட்டால் கலித்தொகைக் காட்சியை வீட்டிலேயே பார்க்கலாம்.

பாவம் என்று வயலில் கொண்டுபோய்ப் பறக்கவும் விடாதீர்கள். அதற்கு ஒளியத் தெரியாது, கீரிக்கும் பூனைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. அப்படியே தப்பினாலும் அது நம் கருங்காடையின் இடத்தில் ஒரு வெளியூர்ப் பறவை.

ரோட்டில் யாராவது உயிரோடு காடை விற்றால் இதைப் பாருங்கள். பண்ணைக் காடை 150 கிராமுக்கு மேல் இருக்கும், கருங்காடை அதில் பாதிதான். பண்ணை ஆணின் மார்பு செம்பழுப்பாக இருக்கும், கருங்காடை ஆணுக்குக் கறுப்புத் திட்டு. பெட்டை என்றால் சிறகை விரித்துப் பாருங்கள். பெரிய இறகுகளில் வெளிர்ப் பட்டை வரிவரியாக இருந்தால் ஜப்பான். வரியே இல்லாமல் வெறும் பழுப்பாக இருந்தால் அது சொன்னெரா பார்த்த பறவை.