செக்: ராஜாவுக்கு வைத்ததும் நமக்கு வைத்ததும்

வங்கியில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவனைக் கேட்டால், ஒரு நாளில் அதிகம் காதில் விழும் வார்த்தை 'செக்'தான் என்பேன். ஊர் மாறினாலும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் பேசும் மொழி மாறினாலும் இது மட்டும் மாறுவதில்லை. வங்கிக்கு வெளியே வந்தாலும் விடாது. மாநில எல்லையில் செக்போஸ்ட், லாட்ஜில் செக்-இன், துணிக்கடையில் செக்டு சட்டை, செஸ் ஆடினால் ராஜாவுக்கே செக்!

இத்தனையும் ஒரே வார்த்தையா, இல்லை வெறும் பெயர் ஒற்றுமையா? தேடிப் பார்த்தால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதிலும் வேடிக்கை, அந்த வீடு இங்கிலாந்தில் இல்லை, பாரசீகத்தில் இருக்கிறது.

நம் வட இந்தியாவில் ஆடிய சதுரங்கம் சுமார் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் போனது. அங்கே ராஜாவுக்குப் பெயர் 'ஷா'. எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பது ஆட்ட மரியாதை. (ஷாவும் நம் க்ஷத்ரியனும் ஒரே வேரிலிருந்து வந்த பங்காளிகள்!) ராஜா தப்ப வழியில்லாமல் போனால் 'ஷா மாத்'. ஹிந்திக்காரர்கள் இன்றைக்கும் 'ஷஹ்', 'மாத்' என்றுதான் சொல்கிறார்கள். நாம் சொல்லும் 'செக்மேட்' இதே ஜோடிதான்.

பாரசீகத்திலிருந்து அரபு நாடுகள், அங்கிருந்து ஐரோப்பா என்று ஆட்டம் பயணப்பட, 'ஷா' லத்தீனில் உருமாறி, பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. அதன் பன்மை வடிவத்திலிருந்து வந்ததே 'செஸ்'. ராஜாவுக்கு செக் வைத்தால் ஆட்டம் ஒரு கணம் நிற்கிறது இல்லையா? அதனால் 'செக்' என்றால் தடுத்து நிறுத்து என்ற பொருள் வந்தது. பிறகு கட்டுப்படுத்து, அதற்கும் பிறகு சரிபார். சதுரங்கப் பலகையின் கட்டங்கள் துணியில் ஏறியபோது செக்டு சட்டை பிறந்தது.

சரி, வங்கிக்கு எப்படி வந்தது? 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவட்ட அதிகாரிகள் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து அரசருக்கு வரிக்கணக்கு ஒப்படைக்க வேண்டும். ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. எனவே சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகல மேஜையில் கோடு போட்ட துணியை விரித்து, அதில் காய்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

பணம் கட்டியவருக்கு ரசீது? ஒரு குச்சி! தொகைக்கு ஏற்ப வெட்டுக்குறி போட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கொடுத்தவரிடம், மறுபாதி வாங்கியவரிடம். யாராவது ஒருவர் குறியைக் கூட்டினாலும் குறைத்தாலும், சேர்த்து வைத்துப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். 1826 வரை இந்தக் குச்சிகள் புழக்கத்தில் இருந்தன. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று எரிக்கப் போய், நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியே எரிந்துபோனது தனிக்கதை.

குச்சி பார்த்த அதே வேலையைப் பிறகு காகிதம் எடுத்துக்கொண்டது. நமக்கு இங்கேதான் விஷயம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கி வழக்கில் 'செக்' என்று சொன்னது பணம் தரும் தாளை அல்ல, திருத்தல் மோசடியைத் தடுக்கும் அடிக்கட்டையை! அதன் பெயர்தான் பிறகு தாளுக்கு ஒட்டிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் எழுத்துகளும் மாறின. அமெரிக்கர்கள் மட்டும் பழைய எழுத்துகளிலேயே எழுதுகிறார்கள். நம் தமிழ்ப் பெயரான 'காசோலை' காசையும் ஓலையையும் சொல்கிறது. சரிபார்ப்பதை ஆங்கிலப் பெயர்தான் சொல்கிறது.

ஆனால் நம்மில் எத்தனை பேர் அடிக்கட்டையை நிரப்புகிறோம்? வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட நாலைந்து லீஃபை மச்சானிடமோ மேஸ்திரியிடமோ கொடுத்துவிட்டு ரயிலேறுவது சகஜம். நம்பிக்கைதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ளுங்கள். தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது கையெழுத்துப் போட்டவர் பாடு. கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் 1881-ஆம் வருஷச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறைக்கும் வாய்ப்புண்டு.

2021 ஜனவரி 1 முதல் 'பாசிட்டிவ் பே' என்று ஒரு வசதி வந்திருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செக் கொடுத்தால் தேதி, பெறுபவர் பெயர், தொகை மூன்றையும் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். செக் வரும்போது இரண்டையும் ஒப்பிடுவார்கள். புதுமை என்று விளம்பரம் செய்கிறோம். அதே பிளந்த குச்சிதான், இப்போது மொபைலில் இருக்கிறது.

ஊரில் யார் வீட்டு பீரோவிலாவது உங்கள் கையெழுத்துப் போட்ட வெற்று லீஃப் கிடந்தால், அடுத்த முறை போகும்போது வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் ஷா கதையைச் சொல்லிச் சமாளிக்கலாம்.