தறிக்கு ஆண் பெண் தெரியாது



'ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்தது எந்திரமா, மனிதனா?' இதுதான் தலைப்பு. எதிரணியிலே பேசிய அம்மா, எந்திரம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாங்க. "கனமான எந்திரம் வந்தது, ஆண் கைக்குப் போனது. லேசான எந்திரம் வந்தது, பெண் கைக்கு வந்தது. உடம்புக்கு ஏற்ற வேலை. இதிலே மனிதன் எங்கே குறுக்கே வந்தான்?" என்று கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா ஐயா, வரலாறு கை தட்ட மாட்டேங்குதே!

முதலில் நூலுக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் நூல் நூற்கிறவள் பெண். அவளுக்குப் 'பருத்திப் பெண்டு' என்றே பெயர். கணவனை இழந்தவள், ஆண் துணை இல்லாதவள், நூல் நூற்று வயிற்றைக் கழுவினாள் என்பதை நற்றிணையில் பார்க்கிறோம். புறநானூற்றிலே ஒருத்தி ராத்திரி நேரத்திலே சின்ன விளக்கு வெளிச்சத்தில் பருத்தி வேலை செய்கிறாள். ராத்திரி நேரத்தில்! இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே தேவைப்படும்.

இங்கிலாந்துக்குப் போனாலும் இதே கதைதான். ஆங்கிலத்திலே கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்று பெயர். ஸ்பின் என்றால் நூற்பது. நூற்கிறவள் என்ற சொல்தான் பிற்காலத்திலே கல்யாணம் ஆகாதவள் என்று பொருள் மாறிப் போனது. நம்ம நாட்டிலே ஆண் துணை இல்லாதவள் நூற்றாள். அவங்க நாட்டிலே நூற்றவளே ஆண் துணை இல்லாதவள் ஆகிவிட்டாள். கடல் நடுவிலே கிடந்தாலும் மனுசன் புத்தி ஒண்ணுதான் ஐயா. (கைதட்டல்)

1733-இல் ஜான் கே என்பவர் நாடாவைப் பறக்கவிட்டார். கையால் எறிந்த நாடா, கயிற்றைச் சுண்டினால் தானே ஓடியது. நெசவு வேகமானது, நூல் போதவில்லை. அதனாலே நூற்கும் எந்திரங்கள் வந்தன. 1779-இல் கிராம்ப்டன் 'மியூல்' எந்திரம் செய்தார். கனமான வண்டியைத் தள்ளி இழுக்கிற எந்திரம் அது. ஆயிரக்கணக்கான வருஷம் பெண் கையிலே இருந்த நூற்பு வேலை ஆண் கைக்குப் போனது. எதிரணி அம்மாவுக்கு இது வரைக்கும் சந்தோஷம். 'பார்த்தீங்களா, கனம்!' என்பாங்க.

அடுத்ததைக் கேளுங்க. மியூல் ஓட்டிய ஆண்கள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சலித்துப்போன முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் போய், 'ஆள் பலம் இல்லாமல் தானே ஓடுகிற மாதிரி செய்து கொடு' என்றார்கள். அவரும் 1825-இல் ஒன்று, 1830-இல் அதைத் திருத்தி இன்னொன்று என்று செய்து கொடுத்தார். வண்டியைத் தள்ள வேண்டாம், தானே போகும், தானே வரும். கனம் போய்விட்டது. எந்திரம்தான் பிரிக்கிறது என்றால் அன்றைக்கே அந்த வேலை பெண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லையே! ஆண்கள் சங்கம் விடவில்லை. கூலி அதிகமான வேலை ஆண் கையிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்று. 1785-இல் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். லங்காஷயர் ஆலைகளில் அந்த விசைத்தறியை ஓட்டியவர்களில் பெண்களே அதிகம். அதே விசைத்தறி கப்பலேறிப் பம்பாய் வந்தது. பம்பாய் ஆலையிலே தறி முன்னால் நின்றது ஆண். ஒரே தறி, ஒரே இரும்பு, ஒரே சத்தம். அங்கே பெண் வேலை, இங்கே ஆண் வேலை. கப்பலிலே வரும்போது எந்திரத்துக்கு மீசை முளைத்துவிட்டதா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊருக்கு வருவோம். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோயம்புத்தூரில் ஆலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின. பிறகு சோமனூர், பல்லடம், மங்கலம், நம்ம சாமளாபுரம் என்று ஊர் ஊராகக் குழித்தறி போய் விசைத்தறிக் குடோன்கள் வந்தன. காடா துணிக்குப் பேர் வாங்கின ஊர்கள் இவை.

எங்க ஐயன் தறி ஓட்டினார். எங்க அம்மா தார் சுற்றினாங்க. தார் இல்லாமல் நாடா ஓடுமா? நாடா ஓடாமல் துணி வருமா? ஆனா துணிக்குக் கூலி ஐயன் கையிலேதான் எண்ணிக் கொடுப்பார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்டார், "அப்பா என்ன தொழில்?" "தறிங்க." "அம்மா?" தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க எங்க அம்மா சொன்னாங்க, "நான் சும்மாதானுங்க இருக்கறேன்." வாத்தியாரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த 'சும்மா'வை எழுதச் சொன்னது எந்த எந்திரம் ஐயா? (கைதட்டல்)

சட்டத்தைப் பாருங்க. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரைக்கும்தான் பெண் வேலை செய்யலாம் என்றது. பாதுகாப்புக்காகச் சொன்னார்கள், நல்ல எண்ணம்தான். ஆனா ஆலை ராத்திரி பகலாக மூன்று ஷிப்ட் ஓடுகிறது. 'ராத்திரி வரமுடியாதவளை எதுக்கு எடுக்கணும்? பிள்ளைப்பேறு வந்தால் அதற்கும் பணம் தரணும்' என்று கணக்குப் போட்டார்கள். ராத்திரி விளக்கு வைத்து வேலை செய்தாளே புறநானூற்றுப் பெண், அவளுடைய பேத்திக்கு ராத்திரி ஆலையில் இடம் இல்லை.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் செய்து கொடுத்துப் பெண்ணை ராத்திரி வேலைக்கு வைக்கலாம் என்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? நூற்பாலைகளில் கல்யாணம் ஆகாத இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவிலே கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்ற ஏற்பாடு பெருகியது. அதற்குப் பெயர் 'சுமங்கலித் திட்டம்'. மூன்று வருஷம் முடிக்காமல் உடம்பு கெட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ. ஆலையிலே ஓடுவது அதே நூற்பு எந்திரம்தான். நேற்று அது பெண் தொடக்கூடாத எந்திரம். இன்றைக்கு இளம்பெண் மட்டும் தொடவேண்டிய எந்திரம். மாறினது எது? கணக்கு!

இனி என் வீட்டுக் கதை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆரம்பத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு பீஸ் ரேட்டும் ஒப்பந்த வேலையும் பெருகின. ஏற்றுமதி பெருகியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1986-இல் என் அக்காவும் போனாள். மங்கலம் வழியாக பஸ். கைமடி வேலை. டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து, பிசிறு வெட்டி அடுக்கணும். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். பார்த்துப் பார்த்தே ஓவர்லாக் கற்றுக்கொண்டாள். உட்காரட்டுமா என்று கேட்டாள். "பொம்பளைக்கு எதுக்கும்மா மெஷினு? கை தாங்காது" என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவசர ஆர்டர், ஆள் இல்லை. அதே ஆள் வந்து சொன்னார், "உட்காரும்மா, பொம்பளைகளுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி." (சிரிப்பு) அதே கை, அதே மெஷின். கூலி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்த ஆணைவிடக் குறைவு.

எந்திரம் பெண்ணுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா கையிலே முதன்முதலாகச் சொந்தப் பணம் வந்தது. தனியாக பஸ் ஏறினாள். வீட்டிலே அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது. அதை மெஷின்தான் கொடுத்தது, மறுக்க முடியாது.

மெஷின் எடுத்துக்கொண்டதும் உண்டு. 2020-இல் ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்கிற முறை வந்தது. அக்கா விரலை வைக்கிறாள், எந்திரம் ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். கடைக்காரத் தம்பி பாவம், "ரேகையே விழலையே அம்மா" என்றான். அக்கா சொன்னாள், "அது துணியிலேயே போயிருச்சு கண்ணு." முப்பது வருஷத் துணி! நீ யார் என்று எந்திரம் கேட்கிறது, பதில் சொல்ல அவளிடம் ரேகை இல்லை. இப்போது கருவிழியைப் பார்க்கிற கருவி வந்து அரிசி வாங்குகிறாள்.

எதிரணி அம்மா உடனே எழுந்து, 'பாருங்கள், உடம்பை மாற்றியது எந்திரம்தானே' என்பாங்க. ஒத்துக்கிறேன் அம்மா. துணியும் மெஷினும்தான் ரேகையைத் தேய்த்தன. ஆனால் அந்த வீட்டிலே இரண்டு பிள்ளைகள். இரண்டும் படிக்கிற பிள்ளைகள். ஒருத்தியை பனியன் கம்பெனிக்கும் ஒருத்தனைக் காலேஜுக்கும் அனுப்பலாம் என்று எழுதினது எந்த மெஷின்? எங்க வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து பெரியவங்க பேசி முடித்தாங்க. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு என் பெயருக்கு முன்னாலே 'முனைவர்' என்று போடுகிறீர்கள். அந்தப் பட்டத்துக்குப் பணம் கட்டியது தேய்ந்துபோன அந்த விரல். (நீண்ட கைதட்டல்)

அதனாலே நடுவர் அவர்களே, தறிக்கு ஆண் தெரியாது, பெண் தெரியாது. யார் நின்றாலும் ஓடும். யாரை நிறுத்துவது, யாருக்கு என்ன கூலி, யாரை 'சும்மா' என்று எழுதுவது என்பதெல்லாம் மனிதன் செய்கிற காரியம். எந்திரம் பிரித்தது என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது, புது எந்திரம் வரட்டும் என்று காத்திருக்கணும். மனிதன் பிரித்தான் என்றால், இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் நீங்களும் நானும் அதை மாற்றலாம். அதற்காகவாவது எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு, அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் அக்காவை வணங்கி அமர்கிறேன்.