ஊசி போய்ச் சேர்ந்த இடம்

1868இல் பெர்லின் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலின் துண்டைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மேல்தோலுக்குள் கிளை விரித்த கறுப்பு செல்கள் தெரிந்தன. நரம்பு செல்கள் என்று எழுதிவைத்தார். பயாப்ஸி ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவதே என் பிழைப்பு. படிக்கிற காலத்திலேயே தங்கச் சாயத்தை அவ்வளவு சுத்தமாகப் பிடிக்கவைத்த அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். அவை நோய் எதிர்ப்பு செல்கள் என்று தெரியவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1973இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் சுண்டெலியின் மண்ணீரலில் இதே குடும்பத்துச் செல்களைக் கண்டு, டென்ட்ரிடிக் செல் என்று பெயரிட்டார்கள். பகையின் துணுக்கைச் சுமந்து நிணநீர் முடிச்சுக்குப் போய், நோயைத் தாக்கும் டி செல்லிடம் அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை. ரத்தத்தில் இவை மிகக் குறைவு. மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களிலிருந்து இவற்றை வளர்த்தெடுக்கும் வழி 1994இல் பாசலிலிருந்து வெளியானது. அதன்பிறகு இதில் மருந்து செய்வது எளிதாயிற்று.

1998இல் சூரிச்சில் ஃபிராங்க் நெஸ்லே குழு, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பரவிய நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே அந்தச் செல்களை வளர்த்து, கட்டியின் துணுக்குகளை ஏற்றி, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி தொடையிடுக்கு முடிச்சில் செலுத்தியது. 16 பேரில் 5 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் இருவருக்கு முழுதாக மறைந்தது. கீமோ மருந்தான டகார்பசினைத் தவிர அதிகம் கையில் இல்லாத காலம் அது. அந்த 5 பேர் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருப்பார்கள்!

பிறகு ஜெர்மனியில் டகார்பசினையும் இந்தச் செல் தடுப்பூசியையும் 108 பேரை வைத்து ஒப்பிட்டதன் முடிவு 2006இல் வந்தது. டகார்பசினுக்குப் பலன் கண்டவர்கள் 5.5 சதவீதம், தடுப்பூசிக்கு 3.8. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இந்த எண்ணைச் சொல்லித்தான் பலரும் கதையை முடிக்கிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தின் நைமேகனில் நடந்ததையும் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. ஊசியில் போகும் செல்களில் இரும்புத் துகளை ஏற்றி, எம்ஆர்ஐயில் பின்தொடர்ந்தார்கள். பெற்றவர்கள் 8 பேர். அவர்களில் 4 பேருக்குச் செல்கள் முடிச்சுக்குள் போகவே இல்லை, வெளியே நின்றுவிட்டன. ஊசி போட்டவர்கள் கைதேர்ந்தவர்கள். அல்ட்ராசவுண்டும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சு என்பதோ மொச்சைக்கொட்டை அளவு. நாள்கணக்கில் லேபில் கண்விழித்து வளர்த்த செல்கள் அரை விரற்கடை தள்ளி வீணாகின்றன என்பதை ஸ்கேன் காட்டியபோதுதான் கண்டார்கள்.

ஜெர்மன் சோதனை தோற்றது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. விழித்தெழுந்த டி செல்லையும் கட்டி அடக்கிவைக்கிறது. டி செல்லின் மேலுள்ள கடிவாளத்தைத் தளர்த்தும் இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் கவனமெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. கணையப் புற்றுநோய்க்குத் தன் செல்களாலேயே தடுப்பூசி போட்டுக்கொண்ட ஸ்டைன்மன், அதே ஆண்டு தனக்கான நோபல் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்தார்.

வேலை நிற்கவில்லை. 2015இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மூன்று மெலனோமா நோயாளிகளுக்கு, அவரவர் கட்டியின் மரபணுப் பிறழ்வுகளைப் படித்து, அவரவருக்கென்று தனித்தனியாக டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி தயாரித்தார்கள். அதுவரை தென்படாத டி செல்களும் அவர்கள் ரத்தத்தில் பெருகின.